ஒருத்தி சொன்னால் கணக்கில் வருமா?

அக்கா, கையைக் கொஞ்சம் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். கரம், சிரம், புறம் நீட்டாதீர்கள் என்று உங்கள் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. பஸ் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்கிறீர்களா? நிற்கும் பஸ்ஸுக்கு இது பொருந்தாது என்று எழுதவில்லையே.

நன்றி அக்கா.

இந்த ரயில்வே கேட் இப்படித்தான். முதலில் ஒரு பாசஞ்சர் போகும். இப்போது திறந்துவிடுவார்கள் என்று எல்லோரும் வண்டியை ஸ்டார்ட் செய்வார்கள். திறக்க மாட்டார்கள். எதிர்த் திசையில் கூட்ஸ் ஒன்று வர வேண்டும். அது எங்கேயோ நின்று யோசித்துவிட்டு மெதுவாக வரும். அதோ பாருங்கள், கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறானே, அவன் எங்கள் பள்ளிதான். எட்டாம் வகுப்பு. பெயர்கூடத் தெரியும். போன வாரமாக இருந்தால் பி.டி. சாரிடம் சொல்லியிருப்பேன். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஏன் என்றால், நான் வகுப்புக்குப் போகவில்லை. டி.சி. வாங்கப் போகிறேன். முன் சீட்டில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் என் அம்மா. அங்கே ஒரு இடம்தான் இருந்தது, அதனால் நான் இங்கே வந்துவிட்டேன்.

வேறு பள்ளிக்கூடமா? இல்லை. எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. வீட்டிலேயே படிக்கப் போகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாதி பள்ளியில் முடிந்துவிட்டது, மீதி வீட்டில். அப்புறம் தனியாகப் பரீட்சை எழுதலாமாம். அதற்கு வழி இருக்கிறதாம்.

ஃபெயில் எல்லாம் இல்லை, அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்புக்கும் ஒன்றுமில்லை. கல்யாணமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எங்கள் தெரு அயர்ன்காரர் கேட்டுவிட்டார். அம்மா அவரிடம் துணி போடுவதையே நிறுத்திவிட்டாள். அதனால் இந்தச் சட்டைக்கு நானே அயர்ன் போட்டேன். கஞ்சி கொஞ்சம் அதிகமாகிவிட்டது, கழுத்தில் குத்துகிறது.

யூனிஃபார்ம் எதற்கு என்கிறீர்களா? அம்மாவும் இதைத்தான் கேட்டாள். "டி.சி. வாங்கப் போறதுக்கு எதுக்குடி யூனிஃபார்ம்? ரெட்டைச் சடை வேற?" மாணவர்கள் சீருடை இல்லாமல் வளாகத்துக்குள் வரக் கூடாது. டி.சி. என் கைக்கு வரும்வரை நான் மாணவிதானே? பையிலும் திங்கட்கிழமைக்கு உரிய புத்தகங்கள்தான் இருக்கின்றன. அது சும்மா, பழக்கத்தில் எடுத்து வைத்தது.

ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்குக் கேட்க வேண்டாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த டி.சி. வாங்க வேண்டியதே இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூட ஸ்டாப் வருவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். அதனால்தான் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கூடை மேல் பட்டால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து லீடர். தேர்தல் எல்லாம் இல்லை, ஒவ்வொரு வருஷமும் மிஸ்ஸே, "சாருமதி, நீயே இரு" என்று சொல்லிவிடுவார்கள். லீடர் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிஸ் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்து, போர்டில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட வேண்டும். யார் பேசினாலும் பெயர் எழுத வேண்டும். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் அடங்காவிட்டால் இன்னொன்று. நான் எழுதும் போர்டைப் பார்த்து எஸ்தர் மிஸ், எங்கள் வகுப்பாசிரியை, "இதை அப்படியே ஃபோட்டோ எடுத்து வைக்கலாம் போல இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்து அவ்வளவு நேராக இருக்கும்.

எல்லோராலும் இதைச் செய்ய முடியாது, அக்கா. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது பிரவீன் லீடராக இருந்தான். மாங்காய்க் கீற்று கொடுத்தால் பெயரை அழித்துவிடுவானாம். மிளகாய்ப்பொடி தடவின கீற்று என்றால் பெருக்கல் குறியோடு சேர்த்து அழிப்பானாம். நான் அப்படியில்லை. அதனால்தான் நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மத்தியானம் ஒருத்தியின் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றுவிட்டு, அடுத்த பீரியடில் அவள் பெயரை எப்படி எழுதுவது? கை வருமா? ஸ்டாஃப் ரூமுக்குப் பக்கத்தில் மாடிப்படி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். நல்ல காற்று வரும். சீக்கிரம் முடிந்தும் விடும். பேச்சு இல்லையென்றால் சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் முடிகிறது தெரியுமா?

ஆரம்பம் அந்தப் படிக்கட்டில்தான். ஒரு நாள் தயிர் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு மத்தியானம் பள்ளிக்கே வந்துவிட்டாள். நான் படியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள். கீழே மரத்தடியில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப அவர்களைப் பார்த்தாள்.

"தினமும் இங்கதான் சாப்பிடுறியா?"

"ஆமாம்மா. இங்கேருந்து எல்லாரும் தெரிவாங்க."

அம்மா டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வெயிலில் கொண்டுவந்ததில் தயிர் புளித்திருந்தது, அதுதான் அவளுக்கு வருத்தம். அன்று சாயங்காலம் முழுக்க முகம் ஒரு மாதிரியாகவே இருந்தது. நான்கூட, "பரவால்லம்மா, புளிப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னேன்.

அதன் பிறகுதான் வீட்டுக் கல்விப் பேச்சு வந்தது. அம்மா முன்பு ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அவளோடு வேலை பார்த்த ஒருவர் தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் வீட்டில்தான் படிக்க வைக்கிறார். அவர்களைப் போலப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் ஒரு தோட்டத்தில் கூடுவார்கள். எங்களையும் ஒரு தடவை கூப்பிட்டார்கள், போனோம். ஒரே குழப்பம், அக்கா. ஒரு பையன் மரத்தில் இருக்கிறான். ஒரு பெண் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருக்கிறாள். யார் எந்த வகுப்பு என்று கேட்டால் யாருக்குமே சொல்லத் தெரியவில்லை. சர்பத் கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக ஓடி வந்தார்கள். நான்தான் உயரவாரியாக வரிசையில் நிற்க வைத்தேன். எல்லோரும் நின்றார்கள். அவ்வளவு நல்ல பிள்ளைகள். ஆனால் அடுத்த வாரம் எங்களைக் கூப்பிடவில்லை. தோட்டத்தில் ஏதோ வேலையாக இருந்திருக்கும்.

அந்தப் பாசஞ்சர் போய்விட்டது பாருங்கள். சொன்னேன் இல்லையா, எல்லோரும் ஸ்டார்ட் செய்கிறார்கள். டிரைவர் அண்ணா, கேட் இன்னும் திறக்கவில்லை! டீசல் வீணாகிறது! ... அவருக்குக் கேட்கவில்லை.

அம்மாவிடம் நான் நேராகவே கேட்டேன். "எதுக்கும்மா என்னை நிறுத்துற? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பு ஒண்ணும் பண்ணல. பள்ளிக்கூடம் எதுக்கு? நாலு பேரோட பழகத்தானே? நீ நாலு பேரைக் கண்காணிக்கத்தான் போற. ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக்கிற."

வயிற்று வலிக்குக் காரணம் சாம்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார், அது எனக்குச் சேராது. அதைச் சொன்னேன். அம்மா அடுத்த ஞாயிறு ரசம் வைத்தாள். அன்றும் வலித்தது. போன வாரத்து சாம்பாராக இருக்கும்.

காலாண்டு லீவில் வீட்டிலேயே ஒரு வாரம் படித்துப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். சரி, எதையும் செய்துபார்த்துவிட்டுத்தானே சொல்ல வேண்டும்? முதல் நாள் காலையிலேயே டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். டம்ளரைக் கரண்டியால் தட்டி மணி அடித்தேன். பிரேயர் பாடினேன். அம்மா தூக்கக் கலக்கத்தோடு வந்து பாயில் உட்கார்ந்து, "இன்னிக்கு உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டாள்.

"என்னம்மா போர்ஷன்?"

"போர்ஷன் எல்லாம் கிடையாது. உனக்கு எது தோணுதோ அது."

"போர்ஷன் இல்லேன்னா எப்பம்மா முடியும்?"

"முடிய வேண்டாமே?"

எனக்கு என்ன தோன்றுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். அம்மா நான் ஏதாவது கேட்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் திருப்பூரிலிருந்து அப்பா ஃபோன் செய்துவிட்டார். அப்பாவுக்கு அங்கேதான் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அம்மா பாடவேளையில் எழுந்து போய் ஃபோனில் பேசிக்கொண்டே இருந்தாள். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி, அதற்குக் கீழே அம்மா பெயரை எழுதினேன். வாசுகி. சிரிக்காதீர்கள், அக்கா. அம்மாவும் முதலில் சிரித்தாள். அப்புறம் பாத்திரம் தேய்க்கப் போய், ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றாள்.

மீதி நாட்கள் அமைதியாகத்தான் போயின. ரொம்ப அமைதி. மிக்சி சத்தம் நின்றதும் காது அடைத்தது போல ஆகிவிடும். ஒரே ஒருத்தி இருக்கும் வகுப்பில் நான் பேசாமல் இருந்தால் அது ஒழுக்கமா, இல்லை வெறுமனே பேசாமல் இருப்பதா? இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

லீவு முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "என்னை நிறுத்தினா வகுப்பே அழும். வேணும்னா பாரு."

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சரி. நீ போகப்போறேன்னு வகுப்புல சொல்லு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன்னைப் போகாதேன்னு சொல்லட்டும். இந்தப் பேச்சை நான் அதோட விட்டுடறேன்" என்றாள்.

ஒருத்தர்தானாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமாக அம்மா தோற்கப்போகிறாளே என்று பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் தமிழ் ஐயா வரவில்லை. நான் முன்னால் போய் நின்று, "எல்லாரும் கவனிங்க. நான் பள்ளியிலிருந்து விலகுகிறேன்" என்றேன். உடனே கைதட்டினார்கள், அக்கா. வகுப்பு முழுக்க. ஆண்டு விழாவில்கூட அப்படித் தட்டி நான் கேட்டதில்லை. கடைசி பெஞ்சு சுதர்சன் மேசையில் தாளம் போட்டான். மனசு தாங்கவில்லை, பாவம். இருந்தாலும் அவன் பெயரை எழுத வேண்டியதாயிற்று. ஒருத்தி எழுந்து, "எப்பப் போற?" என்று அக்கறையாகக் கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றதும், "இன்னும் மூணு நாள் இருக்கே" என்று முனகினாள். நாள் குறைவாக இருக்கிறதே என்ற வருத்தம்.

'போகாதே' என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதிர்ச்சியில் சிலருக்கு வாய் வராது. ஒரு நாள் போகட்டும் என்று காத்திருந்தேன். மறுநாளும் யாரும் சொல்லவில்லை. எஸ்தர் மிஸ், பிரவீனை லீடர் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா ஒன்றும் கேட்காமல் காபியை நீட்டுவாள். அவள் கேட்டாலாவது ஏதாவது பதில் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் என்றாலும், பள்ளியை விட்டுப் போகிறோம் என்றாலும் மிட்டாய் கொடுக்க வேண்டும். நம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவைத் தூக்க ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு எல்லா வகுப்பு டீச்சர்களுக்கும் போய்க் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு பீரியடே ஓடிவிடும். அதனால் பிறந்தநாள்காரி, "யார் வர்றா?" என்று கேட்டாலே நான், நீ என்று பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் கை தூக்குவார்கள். லீடருக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருப்பதால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

நானும் கேட்டேன். "யார் வர்றீங்க?"

யாரும் கை தூக்கவில்லை.

சமூக அறிவியலில் டெஸ்ட் இருந்தது. எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்டில் அவ்வளவு அக்கறை. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டப்பா கனக்கவில்லை, ஆனாலும் கை வலித்தது. எஸ்தர் மிஸ்கூட மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மூன்றாம் பெஞ்சிலிருந்து, "நான் வர்றேன் மிஸ்" என்று ஒரு குரல் வந்தது. பெனாசிர்.

பெனாசிர் யார் என்றால், போர்டில் தினமும் முதலில் வரும் பெயர். வாய் ஓயாது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஜியாமெட்ரி பாக்ஸோடு பேசுவாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் நான் போட்ட பெருக்கல் குறிகளைச் சேர்த்தால் ஒரு கோலமே போடலாம். டெஸ்டிலிருந்து தப்பிக்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு வழியில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய் சாரு, நெசமாவே போறியா?"

"வராந்தாவுல பேசக் கூடாது."

"போகாதடி."

அக்கா, சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். போகாதடி. நான் நின்றுவிட்டேன். "ஏன்?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டா அந்த பிரவீன்தான் எப்பவும். அவனுக்கு மாங்கா குடுக்க நான் எங்க போவேன்? பேசாதவங்க பேரெல்லாம் எழுதுவான். நீ எழுதினா நான் நெசமாவே பேசியிருப்பேன். எங்க அம்மாகிட்டயே சொல்லியிருக்கேன், சாரு எழுதினா கரெக்டா இருக்கும்னு."

ஆறாம் வகுப்பிலிருந்து எழுதுகிறேன், இப்படி ஒருத்தி வந்து சொன்னதில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கணும்டி. நீ ஏன் பேசவே மாட்டேங்குற?" என்றாள்.

"யார்கிட்ட?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டப்பா சாய்ந்து மிட்டாய் கொஞ்சம் தரையில் கொட்டியது. சிரித்தவள் பொறுக்கக் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திவிட்டாள். "சரி, எங்கிட்ட பேசு. இப்ப பேசு" என்றாள்.

"என்ன பேசுறது?"

"அதுக்கு எதுக்கு யோசனை? எங்க வீட்டுக் கோழி எங்க அண்ணன் ஹெல்மெட்டுக்குள்ள முட்டை போட்டிருச்சுடி. அவன் பாக்காம தலையில மாட்டிக்கிட்டான்..."

அது பெரிய கதை. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில் மாடிப்படியில் நின்று சொன்னாள். அண்ணன் முட்டை வழியும் தலையோடு எப்படி நடந்தான் என்று நடந்தும் காட்டினாள். எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அக்கா. என் சிரிப்புதான். அவ்வளவு பலமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. கணக்கு சார் வெளியே வந்து, "யாரது அங்க?" என்று கத்தினார். எங்கள் இரண்டு பேரையும் அவர் வகுப்பு வாசலில் நிற்க வைத்துவிட்டார். நான் வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை. வயிறு வலிக்குமே என்று பார்த்தேன். வலிக்கவில்லை. அவமானத்தில் மரத்துப்போயிருக்கும்.

நாங்கள் திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டது. எஸ்தர் மிஸ், "சாருமதி, நீயுமா?" என்றார்கள். நான் மெதுவாக, "மிஸ், ஒருவேளை நான் போகலைன்னா?" என்று கேட்டேன்.

"இருந்தா தாராளமா இரு. ஆனா லீடர் பிரவீன்தான். சொல்லியாச்சு, மாத்த முடியாது. நீ மத்த பிள்ளைங்க மாதிரி பெஞ்சுல உட்காரு. பெனாசிர் பக்கத்துல இடம் இருக்கு."

கேட்டீர்களா? மத்த பிள்ளைங்க மாதிரி.

இப்போது என் பிரச்சினை புரிகிறதா? அம்மாவிடம், ஒருத்தி போகாதே என்று சொன்னாள் என்று நான் சொன்னால் போதும். அம்மா வாக்கு மாற மாட்டாள், இப்படியே திரும்பிப் போய்விடுவோம். ஆனால் நாளையிலிருந்து நான் பெஞ்சில். சாக்பீஸ் பிரவீன் கையில். சொல்லாவிட்டால் வீட்டில் எல்லாமே நான்தான். லீடரும் நானே, வகுப்பும் நானே. முதல் ரேங்க்கும் நானே. கடைசி ரேங்க்கும் நான்தான் என்று வையுங்கள், அது வேறு விஷயம்.

அதோடு, அவள் சொன்னது கணக்கில் வருமா என்பதே சந்தேகம். மாங்காய்க்காகச் சொன்னாள் என்றால் அது சுயநலம். சுயநலத்துக்குச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது? வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஒருத்தி. அதுவும் பெனாசிர். சனிக்கிழமை முழுக்க யோசித்தேன், ஞாயிறு முழுக்க யோசித்தேன். ஞாயிறு சாயங்காலம் வயிறு வலிக்கவில்லை என்பதை இப்போது சொல்லும்போதுதான் கவனிக்கிறேன். சாம்பார்தான் வைத்திருந்தாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள் அக்கா. நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

மாங்காய்க்காக மட்டும் என்றால் 'எங்கிட்ட பேசு' என்று ஏன் சொல்ல வேண்டும், என்கிறீர்களா?

...

அதை நான் யோசிக்கவில்லை.

கூட்ஸ் வந்துவிட்டது. அப்பா, என்ன சத்தம்! என்ன புழுதி! அம்மா, முந்தானையால் மூக்கை மூடிக்கொள்!

அக்கா. அதோ, கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள்கள் நிற்கின்றனவே, அந்தக் கூட்டத்தில் சிவப்பு சைக்கிள். தலையைத் திருப்பி லாரி டிரைவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். வேறு யார் முன்பின் தெரியாத லாரி டிரைவரிடம் பேசுவாள்? இந்தப் பக்கம் பார்க்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். ஏதோ கத்துகிறாள். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பவும் கத்துகிறாள். என்ன அது? எடம்... எடம் போட்டு... எடம் போட்டு வைக்கவா என்கிறாள். இன்றைக்கு வகுப்புக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டாள், யூனிஃபார்மைப் பார்த்து.

பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைக்கட்டுமா என்று கேட்கிறாள், அக்கா.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன்.

... வந்துவிட்டேன். என் பையை எடுத்துக் கொடுங்கள். இல்லை, இல்லை, நானே எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லிவிட்டேன். "அம்மா, பெனாசிர் போகாதன்னு சொன்னா. வெள்ளிக்கிழமையே சொன்னா. ஒருத்திதான். கணக்குல வருமா?" என்று கேட்டேன். "வரும்டி. நல்லாவே வரும்" என்றாள். லீடர் வேலை போய்விட்டது என்றும் சொன்னேன், அதை மறைக்கக் கூடாதல்லவா? வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "அப்படியா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறது. இந்தக் கூட்ஸ் வண்டிகளை மூடிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும், எவ்வளவு தூசி பாருங்கள். நான் சைக்கிளில் போய்க்கொள்கிறேன் என்றேன். அம்மா அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறாளாம்.

கண்டக்டர் அண்ணா, நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். பஸ் நின்றுகொண்டுதானே இருக்கிறது? ஸ்டாப் இல்லைதான், தெரியும். ஒரே ஒரு தடவை.

'ஏறிக்கோ' என்று கேரியரைத் தட்டிக் காட்டுகிறாள் பாருங்கள். பள்ளி வளாகத்துக்குள் ஒரு சைக்கிளில் இரண்டு பேர் வரக் கூடாது. வாசலில் இறங்கிக்கொள்வேன். அதுவரைக்கும் அவளிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது.

வருகிறேன் அக்கா. கேட் திறக்கிறது.